ஏழு முடக்கும் ஒரு கப்பல் காரும்

1. சாவி கைமாறிய கதை

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஊசிமலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில், முதல் முடக்கிலேயே அந்தக் கார் நின்றுவிட்டது. கொண்டை ஊசி மாதிரி மடிந்து திரும்பும் முடக்கு அது. காரின் மூக்கு மண்மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. பின்சக்கரம் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. கொழும்பிலிருந்து அதை ஓட்டி வந்த பியதாச மாத்தயா இறங்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், பள்ளத்துக்குக் கீழே தெரிந்த தேயிலையையும் பார்த்தார்.

"மட்ட பே" என்று கையை விரித்தார். தன்னால் முடியாது என்பதை ஒரு மனுஷன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சாவியைப் பெரிய கங்காணி ஐயாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார். அந்த நடையில் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய கங்காணி ஐயா என்றால் ஊசிமலையில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் அவர் பெயரில்தான் வேலை செய்தார்கள். அவர் மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளையை ஸ்டேஷனிலிருந்து மலை உச்சியில் இருக்கும் பந்தலுக்கு ஏற்றி வரத்தான் அந்தக் காரைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. கார் ஏறாவிட்டால் மானம் போகும். அவருக்கு மானம் போவதைவிட உயிர் போவது சுலபம்.

"டேய் வேலு, என்னாடா செய்றது?" என்றார்.

வேலு என்பது நான்தான். இன்றைக்கு ஹட்டனில் மூன்று கராஜ் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை, அதனால் நின்றுவிட்டேன். இப்போது இளசுகள் யார் கார் வாங்க நினைத்தாலும், உள்ளூரில் வாங்கலாமா, கப்பலில் இறக்கலாமா என்று என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2. சலீம் நானாவின் குட்டி வண்டி

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகும்போது நாயையும் காரையும் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு துரை விட்டுப்போன குட்டிக் கார் தலவாக்கலையில் இரும்புக்கடை வைத்திருந்த சலீம் நானாவிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கங்காணி ஐயாவுக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். கொழுந்து லாரியில் கிளீனராக இருந்த நானும் அன்று ஐயாவோடு போயிருந்தேன். லைசன் எடுத்து வைத்திருந்தேன். ஓட்டத்தான் ஒரு கார் இல்லை. அவர் எந்தக் காரை வாங்கினாலும் அதன் ஸ்டியரிங்கில் நான்தான் உட்கார வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

ஐயா குட்டிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்னா நானா, கோழிக்கூடு மாதிரி இருக்கு?"

"நான் செல்றத கேளுங்க கங்காணியார். இந்த வண்டி ஏறாத மல இல்ல. ஒங்கட ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு ஏறும்."

"உள்ளூர் காரு எல்லாரும் வாங்குறாங்க நானா. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகூட வாங்கிட்டாரு. நான் கப்பல்ல எறக்கப் போறேன்."

சலீம் நானா சிரித்துவிட்டார். "இது மட்டும் என்ன கங்காணியார், தேயிலச் செடியில காய்ச்சதா? இதுவும் கப்பல்ல வந்ததுதான். கொஞ்சம் முந்தியே வந்து எங்கட ரோட்டப் பழகிட்டு நிக்குது. இது தீவு. நீந்தி வந்த கார் ஒண்ணக் காட்டுங்க பாப்பம்."

அந்தப் பேச்சில் இருந்த நியாயம் எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் ஐயாவுக்கு முன்னால் தலையாட்டுவது என் உடம்புக்கு நல்லதில்லை.

"இருக்குறதுலயே நீளமான காரா வேணும்னு எழுதிப் போட்டாச்சு" என்றார் ஐயா.

3. துறைமுகத்தில் உடைத்த தேங்காய்

கார் வந்த அன்று என்னையும் கொழும்புக்குக் கூட்டிப்போனார். தேங்காயும் எலுமிச்சம்பழமும் நான்தான் சுமந்தேன்.

கிரேன் காரைக் கப்பலுக்குள்ளிருந்து தூக்கியது. முதலில் மூக்கு வந்தது. பிறகு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இத்தனை நீளத்தை நான் அதுவரை ரயிலில்தான் பார்த்திருந்தேன். கறுப்பு நிறம். பின்பக்கக் கண்ணாடி மட்டுமே நகைக்கடைக் கண்ணாடி அகலம் இருந்தது. கார் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அது தரையைத் தொட்டதும் தேங்காயை ஓங்கி உடைத்தார். சிரட்டை பறந்து போய்ச் சுங்க அதிகாரியின் காலடியில் விழுந்தது.

"மொகத மே?" என்று, இது என்ன கூத்து என்கிற மாதிரி அதிகாரி கத்தினார்.

"அபே பூஜாவ மாத்தயா" என்று, எங்கள் பூஜை ஐயா என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, பாதித் தேங்காயை அவர் கையில் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் இல்லாவிட்டால் கார் இன்றைக்கும் துறைமுகத்தில்தான் நின்றிருக்கும்.

ஐயா காரின் நீளத்தை நடந்து நடந்து பார்த்து மகிழ்ந்தார். எங்கள் ரோட்டின் அகலத்தை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கொழும்பில் நின்றுகொண்டு ஊசிமலை முடக்கை யார் நினைப்பார்கள்? அங்கே ரோடெல்லாம் பாய் விரித்த மாதிரி கிடந்தது.

4. ரிவர்ஸில் என்னை மிஞ்ச ஆளில்லை

இப்போது முதல் முடக்குக்குத் திரும்பி வருகிறேன்.

எங்கள் லாரி டிரைவர் அருளப்பன் அண்ணனுக்குக் கழுத்தில் ஒரு பிடிப்பு உண்டு. திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் லாரியை ஸ்டோர் வாசலுக்குப் பின்பக்கமாக ஏற்றுகிற வேலையை, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து இறக்குகிற வேலையை, என்னிடம் விட்டுவிட்டார். முன்னால் ஓட்டுவது அவர், பின்னால் ஓட்டுவது நான். வருஷக்கணக்காக நான் பின்னால்தான் ஓட்டினேன். நுவரெலியாவிலிருந்து மஸ்கெலியா வரை ரிவர்ஸில் என்னை மிஞ்ச ஆளில்லை. இது பெருமைக்குச் சொல்வதில்லை, உண்மையே அப்படித்தான்.

எனவே ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, இந்தக் காரு முடக்குல திரும்பாது. திருப்பவும் வேணாம். மூக்கு மேட்டுப் பக்கம் நிக்கட்டும். அடுத்த துண்டு ரோட்ட ரிவர்ஸ்ல ஏத்துறேன். அதுக்கடுத்த முடக்குல வால உள்ள விட்டு, அங்கருந்து முன்னால ஏத்துறேன். ஒரு துண்டு முன்னால, ஒரு துண்டு பின்னால. இப்படியே மேல போயிரலாம்."

"விழுந்துராதுல்லடா?"

"விழுந்தா நானும் சேந்துதான விழுவேன்."

சாவியைக் கொடுத்தார். ஏறினேன். ரிவர்ஸ் துண்டுகளில் கார் வெண்ணெய் மாதிரி போனது. முன்னால் ஓட்டிய துண்டுகளில்தான் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. ஏழு முடக்கும் ஏறி, பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். ஐயா இறங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னாடா இது, காரு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?"

"ஏழு முடக்குங்க ஐயா. ஒத்தைப்படை. கீழ முன்னால கெளம்பினா மேல பின்னாலதான் வந்து சேரும்."

"மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வந்து எறங்குறதா? சம்பந்தி எழும்பிப் போயிருவாரு."

"அப்ப கீழ ஸ்டேஷன்லயே ரிவர்ஸ்ல கெளம்பிரலாங்க. மேல நேரா வரும்."

"கடைவீதியில வட்டகொடையே வேடிக்கை பார்க்கும். அங்க பின்னால போறதா? ரெண்டு எடத்துலயும் மூக்குதான் முன்னால இருக்கணும். இன்னொரு முடக்கு வெட்டிப்புடு. ஆள் தாரேன்."

"தொரை விடமாட்டாருங்க."

கடைசியில் வழியை நான்தான் கண்டுபிடித்தேன். நாலாவது முடக்குக்கு மேலே ஸ்டோர் முற்றம் இருக்கிறது. மொத்த மலையிலும் அந்தக் காரை முழுசாகத் திருப்ப இடம் உள்ளது அங்கே மட்டும்தான். அங்கே ஒருமுறை திருப்பிவிட்டால் கணக்கு மாறி, பந்தலுக்கு மூக்கு முன்னால் வரும். அன்றைக்கே திருப்பியும் காட்டினேன். ஐயா என் தோளைத் தட்டினார்.

"மாப்பிள்ளைய நேரத்துக்கு, நேரா கொண்டாந்து சேரு. ஸ்டியரிங் ஒனக்குத்தான். ஏதாச்சும் பிசகிச்சு, நீ மறுபடி கொழுந்துச் சாக்குத்தான் தூக்கணும்."

5. மேளம் முன்னால், தப்பு பின்னால்

மாப்பிள்ளை உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். சாது. பெயர் ராஜரத்தினம். அவருடைய அப்பா சாது இல்லை. பஸ்ஸில் நானுஓயா வந்து, அங்கிருந்து ரயிலில் வட்டகொடையில் இறங்கினார்கள். காரைப் பார்த்ததும் சம்பந்தி மீசையைத் தடவி, "கப்பல் காருன்னா இதுதானா?" என்றார். ஐயா பூரித்துப்போனார்.

ஊர்வலத்துக்கு ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து நாதஸ்வர மேளம் கூட்டி வந்திருந்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துத் தப்புக் கோஷ்டியும் உண்டு. அதற்குத் தலைவர் என் தாய்மாமன் முனியாண்டி. தினமும் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, எழுப்பத் தப்படிக்கிறவர் அவர்தான். ஐயா கண்டிப்பாகச் சொன்னார்: "மேளம் காருக்கு முன்னால. தப்பு காருக்குப் பின்னால. தப்பு பந்தல் பக்கம் வரப்படாது."

முதல் துண்டு சரியாகப் போனது. முதல் முடக்கில் காரின் மூக்கை மேட்டுக்குள் விட்டேன். மேளக்காரர்கள் மூக்குக்கு முன்னால் மூலையில் மாட்டிக்கொண்டு மண்சுவரைப் பார்த்து வாசித்தார்கள். நான் ரிவர்ஸ் போட்டேன். பின்னால் நின்ற தப்புக் கோஷ்டிக்கு வேறு வழியில்லை. மேல் ரோட்டில் ஏறி முன்னால் நடந்தார்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். யாரும் காரைத் தாண்ட முடியாது.

நாதஸ்வரக்காரர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "தம்பி, உதென்ன கார் பின்னுக்குப் போகுது? நாங்கள் இப்ப முன்னுக்கோ பின்னுக்கோ?"

"அடுத்த முடக்குல நீங்கதான் முன்னால அண்ணே. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"ஒவ்வொரு முடக்குக்கும் பொறுக்கிறதெண்டால் கலியாணம் முடிஞ்சிடும்!"

காருக்குள் ஐயா என் காதில் பல்லைக் கடித்தார். "முனியாண்டிய யாருடா முன்னால விட்டது?"

நான் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டேன். மாமா தப்பை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "நாங்க எங்கப்பா முன்னால வந்தோம்? காருதான் எங்களுக்குப் பின்னால வருது."

6. சோற்றுக் கிடாரம்

நாலு முடக்கும் தாண்டி ஸ்டோர் முற்றத்துக்கு வந்தோம். பார்த்தால், முற்றம் முழுக்க அடுப்பு. கிடாரம் கிடாரமாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. நடுவில் தலைமைச் சமையல்காரர் இடுப்பில் துண்டோடும் கையில் துடுப்போடும் நின்றார்.

"யாரு இங்க அடுப்பு போடச் சொன்னது?" என்று ஐயா கத்தினார்.

"நீங்கதாங்க. காலையில மழைத் தூத்தல் விழுந்துச்சு. ‘மேல வேணாம், ஸ்டோருக்குக் கொண்டு போங்க’ன்னு ஆள் அனுப்புனீங்களே."

அனுப்பினவர் அவர்தான். கல்யாணத் தடபுடலில் மறந்துவிட்டார்.

நான் இறங்கிப்போய், "அண்ணே, காரத் திருப்பணும், கொஞ்சம் எடம் குடுங்க" என்று கேட்டேன்.

"சோறு பாதி வெந்து கெடக்கு. திருப்பணும்னா என் மேல ஏத்தித் திருப்பு!"

இதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. விருந்துக்கு வந்துகொண்டிருந்த சலீம் நானா தன் குட்டிக் காரில் தலையை நீட்டினார். "கங்காணியார், மாப்பிள்ளய இதுல ஏத்துங்க. எல்லா முடக்கும் திரும்பும். நேரா கொண்டு போய் எறக்குறன்."

ஐயா முதல்முறையாக அந்தக் கோழிக்கூட்டை ஆசையோடு பார்த்தார். சம்பந்தி விடவில்லை.

"கப்பல் காருன்னு சொல்லித்தான எங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்தேன்? இப்ப எம் மகன் இதுல ஏறிப் போனா நாளைக்கு உடப்புசல்லாவையில நான் தலை காட்டுறதா, வேணாமா?"

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருப்பாமலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தேன். இன்னும் மூன்று முடக்குதான் இது என் கையில் இருக்கும், அப்புறம் கொழுந்துச் சாக்கு என்று நினைத்தேன்.

7. பின்கண்ணாடியில் மாப்பிள்ளை

கடைசி முடக்கு தாண்டி ரிவர்ஸ் போட்டபோதுதான் விஷயம் சம்பந்திக்குப் புரிந்தது. "மேலயும் இப்படியேதான் போயி நிக்குமா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியே தெரியவில்லை. அதில் ஒரு தலைப்பாகை இருந்தது. அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, பின்சீட்டில் திரும்பி முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, உங்க தலைப்பா மறைக்குதுங்க. எனக்கு ரோடு தெரியல்ல."

"நான் பாத்துச் சொல்றேன், நீங்க ஓட்டுங்க. மாமனார் வீட்டுக்கு முகத்தக் காட்டித்தான் வரணும், இல்லையா? கொஞ்சம் வலது... உங்க வலதா என் வலதான்னு தெரியல்ல, பள்ளம் இல்லாத பக்கம்... ஆங், அதேதான்."

மாப்பிள்ளை முழங்கால் போட்டது அவர் சொந்த யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்தது நான்.

இப்படியாக என் மாமன் முனியாண்டியின் தப்பு முழங்க, அதற்குப் பின்னால் காரின் வால் வர, வாலின் கண்ணாடியில் மாப்பிள்ளையின் சிரித்த முகம் வர, கடைசியில் நாதஸ்வரக்காரர் காரின் இரண்டு ஹெட்லைட்டையும் பார்த்து வாசித்துக்கொண்டு வர, பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஒரு நொடி திகைத்தார்கள். பிறகு ஒருத்தி, "மூஞ்சி இங்கதான்டி இருக்கு!" என்று கத்தினாள். கண்ணாடிக்கே ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை நெற்றியை ஒட்டிக் காட்ட, வெளியே கண்ணாடியில் பொட்டு வைத்தார்கள். ஆரத்தித் தண்ணீர் நம்பர் பிளேட்டில் வழிந்தது.

சம்பந்தி இறங்கினார். காரின் முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார். தப்பு நின்றது. ஐயா கைகூப்பி நின்றார்.

"கப்பல் காருன்னா இப்படித்தான் வந்து நிக்குமா?" என்றார் சம்பந்தி.

ஐயாவுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு எப்போது வராமல் இருந்திருக்கிறது? முன்னால் போய் நின்றேன்.

"ஆமாங்க. சீமையில பெரிய எடத்து மாப்பிள்ளைங்கள இப்படித்தான் கொண்டாருவாங்களாம். வாசலுக்கு வந்ததும், காரு மொதல்ல எறங்கினவரப் பாக்கப்படாதாம், எறங்குற வீடுதான் மாப்பிள்ளையப் பாக்கணுமாம். சாதா காருல இது செய்ய ஏலாதுங்க. கண்ணாடி பத்தாது."

நான் சொன்னது எனக்கே முழுசாக விளங்கவில்லை. சம்பந்தி யோசித்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? சீமை வழக்கம்!" என்றார். மீசை மறுபடி மேலே போனது. "ஏம்ப்பா தப்ப நிறுத்திட்டீங்க?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். தப்பு பந்தலுக்குள்ளேயே போனது. ஐயா தடுக்கவில்லை. தடுத்தால் சீமை வழக்கம் கெட்டுப்போகுமே!

அன்று மாலை ஐயா என்னைக் கூப்பிட்டார். "இந்தச் சனியன மேல ஏத்த இந்த ஜில்லாவுலயே ஒன்ன விட்டா ஆளில்லைடா" என்று சாவியைக் கொடுத்தார். கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

8. கார் வாங்க நினைப்பவர்களுக்கு

அடுத்த மாதமே தோட்டத்தில் இன்னொரு கல்யாணம். ஸ்டோரில் வேலை செய்த ஒருவரின் மகளுக்கு. சலீம் நானாவின் குட்டிக் காரை வாடகைக்கு எடுத்தார்கள். ஓட்ட என்னைக் கேட்டார்கள். எல்லா முடக்கும் அழகாகத் திரும்புகிற கார், எனக்கு ஓய்வு மாதிரி இருக்கும் என்று போனேன். ஸ்டேஷனில் முதல் கியரைப் போட்டதுதான் தாமதம், பெண்ணின் அப்பா பானட்டைத் தட்டினார்.

"என்னா தம்பி, மூக்கக் காட்டிக்கிட்டுப் போற? கங்காணி மகளுக்கு மட்டுந்தான் மரியாதையா? எம் பொண்ணு என்னா கொறைஞ்சவளா?"

அப்படியே ஏழு முடக்கும் ரிவர்ஸில் ஏறினேன். தப்பு முன்னால் போனது. மாப்பிள்ளை பின்சீட்டில் முழங்கால் போட்டு, சின்னக் கண்ணாடியில் ஒரு கண்ணையும் பாதி மூக்கையும் வைத்துக்கொண்டு வந்தார். சலீம் நானா பக்கத்தில் நடந்துகொண்டே, "என்ட கியர் போகுது, என்ட கியர் போகுது" என்று புலம்பினார். கியர் போகத்தான் செய்தது. அதை நான்தான் கழற்றிப் பூட்டினேன். கராஜ் தொழிலில் என் முதல் வேலை அது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஊசிமலைக்கு எந்த மாப்பிள்ளையும் நேராக வந்து இறங்கியதில்லை.

ஆகவே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உள்ளூரில் வாங்குங்கள். இங்கே ஓடிப் பழகின காருக்கு நம் ரோடு தெரியும். ஆனால் யாராவது பெரிய மனுஷர், பக்கத்தில் டிரைவரையும் நிறுத்திக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டால், நான் அந்த டிரைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கப்பலிலேயே இறக்குங்க ஐயா, நீளமா பார்த்து இறக்குங்க" என்றுதான் சொல்வேன். ஐயா அன்றைக்குக் கோழிக்கூட்டை வாங்கியிருந்தால் அதை யார் வேண்டுமானாலும் ஓட்டியிருப்பார்கள். நான் கொழுந்துச் சாக்குத் தூக்கியிருப்பேன்.

எதை வாங்கினாலும், வாங்குவதற்கு முன்னால் போய் ரோட்டைப் பாருங்கள். பார்க்காமல் வாங்கிவிட்டவர்கள் என் கராஜுக்கு வரலாம். முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி.